பதினொன்றாம் எண் கூண்டு

திருமயிலை நிலையத்தில் காலை எட்டரை மணிக்கு வேளச்சேரி வண்டி ஏறுகிறவர்களில் பாதிப்பேர் திருவான்மியூரிலும் தரமணியிலும் இறங்கிவிடுவார்கள். டைடல் பார்க்குக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் போகிறவர்கள். கிரீன்வேஸ் சாலை தாண்டி வண்டி அடையாற்றின் மேல் போகும்போது ஆற்றைப் பார்ப்பவர்கள் குறைவு. இரவெல்லாம் கைப்பேசியில் வந்து குவிந்ததைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அதில் பெரும்பகுதி மனிதர்கள் எழுதியதல்ல, இயந்திரங்கள் எழுதியது. எங்கோ ஒரு சர்வரின் டிஸ்க் நிரம்புகிறது. பணம் கட்டும் பக்கம் பதில் சொல்லத் தாமதிக்கிறது. இரவில் எடுக்க வேண்டிய பேக்கப் எடுக்கப்படவில்லை. கண்காணிக்கும் மென்பொருள் இதையெல்லாம் கண்டுபிடித்து, ஒரு அலர்ட்டாக்கி, குழுவின் அரட்டைச் சேனலில் போட்டுவிடுகிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன் இந்த அலர்ட் மின்னஞ்சலாகவோ எஸ்எம்எஸ்ஸாகவோ ஒருவருக்குப் போகும். 2013இல் ஸ்லாக் என்ற குழு அரட்டை மென்பொருள் வந்தது, பிறகு அதே வகையில் வேறு பலவும் வந்தன. வெப்ஹுக் என்று ஒரு முகவரியை எடுத்துக் கண்காணிப்பு மென்பொருளில் ஒட்டிவிட்டால் போதும், அலர்ட்டெல்லாம் குழுவின் பேச்சுக்கு நடுவே வந்து விழ ஆரம்பித்துவிடும். ஐந்து நிமிட வேலை. அவ்வளவு எளிதாக இருந்ததால்தான் யாரும் அதிகம் யோசிக்காமல் அதைச் செய்தார்கள் என்று நினைக்கிறேன். இந்தத் துறையில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் கீழ்க்கண்ட உரையாடல் தெரியும். ஏதோ ஒரு சேவை இரவு முழுக்கப் படுத்துக்கிடந்த மறுநாள் காலை இது நடக்கும்.

“அண்ணா, அலர்ட் ராத்திரியே வந்துருக்கு. சேனல்லயே இருக்கு பாருங்க.”

“யாரு பாத்தா?”

“எல்லாரும் அதுல இருக்கோம்ல அண்ணா.”

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அலர்ட் வந்திருக்கிறது, நேரம் சரியாக இருக்கிறது, விவரமும் சரி. நாற்பது பேர் இருக்கும் இடத்தில் அது போய் விழுந்திருக்கிறது. ஆனால் அந்த நாற்பது பேரில் ஒருவர் பெயரும் அதன்மேல் இல்லை.

இதைப் பற்றி 1968லேயே ஒரு ஆய்வு வந்துவிட்டது. பிப் லதானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். நிரப்பிக்கொண்டிருக்கும்போதே சுவரிலுள்ள துவாரம் வழியாக அறைக்குள் புகை வர ஆரம்பிக்கும். தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். முன்பின் தெரியாத மூன்றுபேர் சேர்ந்து இருந்தபோது, அந்த மூவரில் ஒருவராவது எழுந்து போய்ச் சொன்னது நூற்றுக்கு 38 தடவைதான். கூட இருந்த இரண்டு பேரும் ஏற்கெனவே சொல்லிவைத்தபடி கண்டும் காணாமல் இருந்தால், மூன்றாமவர் எழுந்தது நூற்றுக்குப் பத்து. புகை எல்லாருக்கும் ஒன்றுதான். கூட இருக்கிறவர்கள் சும்மா இருப்பதைப் பார்த்து இது பெரிய விஷயமில்லை போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் முடிவுகட்டினார்கள். அரட்டைச் சேனலில் கூட இருக்கிறவர்களின் முகம்கூடத் தெரியாது. எல்லாரும் சும்மா இருப்பது மட்டும் தெரியும்.

ஆகவே அலர்ட்டை யாருக்கு, எந்த வழியில் அனுப்புவது என்ற விதியைச் சாதாரண அமைப்பு வேலையாக என்னால் பார்க்க முடியவில்லை. இன்று உலகில் பரவலாகப் புழங்கும் கண்காணிப்பு மென்பொருளான புரோமிதியஸ் 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்தது. அதன் அலர்ட்டுகளைப் பிரித்து அனுப்பும் பகுதிக்கு அலர்ட்மேனேஜர் என்று பெயர். அதன் விதிக்கோப்பு கிளைகளாகப் பிரியும். ஒரு அலர்ட் மேலிருந்து இறங்கிவரும். எந்தக் கிளைக்குப் பொருந்துகிறதோ அந்த வழியே போகும். எந்தக் கிளைக்கும் பொருந்தாதது மேலேயுள்ள பொது முகவரியிலேயே தங்கிவிடும். ஒரே காரணத்தால் கிளம்பிய ஐம்பது அலர்ட்டுகளைச் சேர்த்து ஒன்றாக அனுப்பலாம். தரவுமையமே விழுந்துவிட்டது என்ற பெரிய அலர்ட் இருக்கும்போது, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு சர்வரும் போடும் கூச்சலை அடக்கிவைக்கலாம். சிக்கல் தீராமல் நீடித்தால் எத்தனை நேரம் கழித்து மறுபடி சொல்வது என்பதையும் தீர்மானிக்கலாம். யாரும் மாற்றாவிட்டால் நான்கு மணி நேரம். கோப்பு சில பத்து வரிகள்தான். யாருடைய தூக்கம் எதற்காகக் கலையும், எது விடியும்வரை காத்திருக்கும், எது யாருக்குமே தெரியாமல் போகும் என்பதெல்லாம் அந்த வரிகளில் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதை யாரோ ஒருவர் ஒரு மதியம் உட்கார்ந்து எழுதியிருப்பார். பிறகு அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

இந்த வேலையை மிகுந்த அக்கறையோடு செய்த பழைய முறை ஒன்று நம் கடற்கரையில் இருக்கிறது. தமிழ்ச் செய்தித்தாள் படிக்கிற எல்லாருக்கும் அதன் பெயர் தெரியும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் முதல் பக்கத்தில் வந்துவிடும்: கடலூர், நாகை துறைமுகங்களில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம், பாம்பனில் 1ஆம் எண். சிறுவயதில் இதை வானொலியில் கேட்டவர்கள் எண் கூடக்கூடப் பயம் கூடும் என்று மட்டும் எடுத்துக்கொண்டிருப்போம். அந்த எண்களின் பொருளைப் படித்தபோது அதை வகுத்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது.

1864இல் கல்கத்தாவை ஒரு பெரும்புயல் அழித்தது. மறு ஆண்டே அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாவதற்கு அந்தப் புயலும் ஒரு காரணம். துறைமுகங்களுக்கான இப்போதைய குறிகள் ஒன்றிலிருந்து பதினொன்றுவரை. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையுமான கறுப்புக் கூண்டுகள், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். ஒன்றாம் எண்: தொலைவில் தாழ்வழுத்தம் உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது ஆபத்தில்லை, ஆனால் வெளியே போகும் கப்பல் அதில் மாட்டிக்கொள்ளலாம். இரண்டு: தொலைவிலேயே அது புயலாகிவிட்டது. மூன்றாம் எண்ணிலிருந்து பேச்சு துறைமுகத்தைப் பற்றியது. பலத்த காற்று இங்கேயே வரப்போகிறது. நான்கு: புயல் துறைமுகத்தை அச்சுறுத்துகிறது, ஆனால் தீவிர முன்னேற்பாடுகளுக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கரையேறினால் ஐந்து, வலப்பக்கம் விட்டால் ஆறு, துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில் வந்தால் ஏழு. எட்டு, ஒன்பது, பத்து அதே மூன்று நிலைகள், கடும் புயலுக்கு.

ஐந்துக்கும் ஆறுக்கும் என்ன வேறுபாடு, இரண்டும் அபாயம்தானே என்று கரையிலிருக்கும் நமக்குத் தோன்றும். கப்பல் தலைவனுக்கு அப்படியில்லை. புயல் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதைப் பொறுத்துக் காற்று வீசும் திசை மாறும். நங்கூரம் எப்படிப் போடுவது, கயிறு எந்தப் பக்கம் கட்டுவது, துறையைவிட்டு ஆழ்கடலுக்குப் போய்விடுவதா என்பதெல்லாம் மாறும். எச்சரிக்கையை யார் பார்க்கிறார்களோ அவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று யோசித்து, அந்தச் செயல் மாறும் இடத்திலெல்லாம் எண்ணையும் மாற்றியிருக்கிறார்கள். அது மட்டுமல்ல. வங்கக்கடலில் இருப்பது ஒரே புயல். அது நாகையில் ஏழாகவும் சென்னையில் மூன்றாகவும் பாம்பனில் இரண்டாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். நுங்கம்பாக்கத்துப் புயல் எச்சரிக்கை மையம் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே செய்தியை அனுப்பிவிட்டு, உங்களுக்கு வேண்டியதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவதில்லை. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் அதற்குரிய எண் போகிறது. அதைக் கம்பத்தில் ஏற்றுகிற பொறுப்பு அந்தத் துறைமுக அதிகாரியுடையது. நாற்பது பேர் இருக்கும் சேனலில் இல்லாதது இதுதான்.

இவ்வளவு நல்ல மரபுள்ள கடற்கரையில்தான் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. மயிலாப்பூரின் கிழக்கு விளிம்பான நொச்சிக்குப்பம், டூமிங்குப்பம், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் வரிசைக்கு அந்த நாளை நினைவூட்ட வேண்டியதில்லை. சுமத்ராவுக்கு அப்பால் நிலநடுக்கம் வந்தது இந்திய நேரப்படி காலை 6.29க்கு. சென்னைக் கரையில் அலை ஏறியது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்திலிருந்து ஏழரை மணி வாக்கில் சென்னைக்குத் தகவல் வந்ததாக அன்றைய விமானப்படைத் தளபதி பின்னர் சொன்னார். தீவு மூழ்குகிறது என்ற செய்தியோடு அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது. தில்லியில் வானிலைத் துறை அனுப்பிய ஃபேக்ஸ் ஒன்று, துறையின் அமைச்சருக்குப் போகாமல் முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போனதாக நாளிதழ்கள் எழுதின. மே மாதமே ஆட்சி மாறியிருந்தது. டிசம்பர் வரை முகவரிப் பட்டியல் மாறவில்லை.

தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். ஃபேக்ஸ் சரியான வீட்டுக்குப் போயிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அமைச்சரிலிருந்து பட்டினப்பாக்கத்துக்கு வர அன்று வழியே இல்லை. நிலநடுக்கத்தைப் பதிவு செய்த கருவிகள் இருந்தன, தொலைபேசிகள் இருந்தன, காவல் நிலையங்கள் இருந்தன. இதிலிருந்து அதற்கு என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை.

அதே காலை, புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் அந்தக் கோடு இருந்தது. தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்கள் அமைத்து வந்தது. கணினி, தொலைபேசி, ஒலிபெருக்கி. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மறுநாள் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பது அதில் தெரியும். நல்லவாட்டுக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். நிலநடுக்கச் செய்தியைக் கேட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். கடல் உள்வாங்குவதை ஊரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மையம் பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து ஒலிபெருக்கியைப் போட்டு எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின. உயிர்கள் தப்பின.

இந்த நிகழ்ச்சியைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் படுவது வேறு. சிங்கப்பூரில் இருந்தவர் பொதுவாக ஒரு தகவலைப் பரப்பவில்லை. இன்ன ஊர், இன்ன வீடு என்று தெரிந்து அழைத்தார். ஊரில் எடுத்தவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. அந்த ஒலிபெருக்கி ஊருக்குப் பழகியது. தினமும் அலை உயரத்தை, மீன் விலையைச் சொல்லி, சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்து, அதன் பேச்சைக் கேட்டுப் பிழைப்பு நடத்திய ஊர் அது. அந்தக் குரல் ஓடு என்றதும் ஓடினார்கள். ஆண்டுக்கணக்கில் வேண்டாததையெல்லாம் கத்திக்கொண்டிருந்த ஒலிபெருக்கியாக அது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

அரட்டைச் சேனல்கள் அப்படித்தான் ஆகிவிடுகின்றன. முதல் வாரம் எல்லாரும் ஒவ்வொரு அலர்ட்டையும் திறந்து பார்ப்பார்கள். தானே சரியாகிவிடும் அலர்ட்டுகள், யாரும் எதுவும் செய்ய வேண்டியிராத அலர்ட்டுகள், சோதனைச் சர்வரிலிருந்து வருபவை என்று நாளுக்கு இருநூறு முந்நூறு குவியும். இரண்டாம் மாதம் சேனல் மியூட்டில் போய்விடும். அதைச் செய்கிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். ஓயாமல் கத்தும் ஒன்றைக் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொள்வது மனித மூளைக்கு இயல்பு. மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இதே சிக்கல் உயிரோடு விளையாடுகிறது. கட்டிலுக்குக் கட்டில் மானிட்டர்கள், ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றுக்காக ஒலித்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, மின்முனை தோலிலிருந்து கழன்றிருக்கும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2013இல் இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்தது. 2009 முதல் 2012 நடுப்பகுதிவரை அலாரம் தொடர்பான 98 சம்பவங்கள் அதற்குத் தெரிவிக்கப்பட்டிருந்தன. அவற்றில் 80 மரணத்தில் முடிந்தவை. பலவற்றில் அலாரம் அடிக்காமல் இல்லை.

எச்சரிக்கை யாருடைய மொழியில் வருகிறது என்பது அடுத்தது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. மறுநாள் காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை. ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, உயரம் 24 அடி. எப்போது எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதைத் தணிக்கைத் துறை உட்படப் பலர் ஆராய்ந்துவிட்டார்கள். நான் பார்ப்பது அந்தக் கன அடியை. பொதுப்பணித் துறைப் பொறியாளருக்கு 29,000 என்ற எண் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் படுத்திருக்கும் பெரியவருக்கு அது ஒன்றும் சொல்லாது. ஆற்றங்கரையில் தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகவும் என்றால், தன் வீடு தாழ்வான பகுதியா என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாற்பது வருடமாக அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில்லை. இத்தனை மணிக்குள் உங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வரும், மாடிக்குப் போங்கள் என்று சொன்னால்தான் அவரைப் பொறுத்தவரை எச்சரிக்கை. கன அடியிலிருந்து இடுப்பளவுக்குக் கணக்குப் போட்டுத் தருகிற வேலை ஆபத்தில் இருப்பவருடையதல்ல, அனுப்புகிறவருடையது.

சர்வர் விஷயத்திலும் இதுதான். சிபியு 94 சதவீதம் என்று ஒரு வரி வந்தால் இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அதைப் பார்க்கும் பெண் என்ன செய்வாள்? வாடிக்கையாளர்கள் பணம் கட்ட முடியவில்லை, பதினைந்து நிமிடமாக இப்படி இருக்கிறது, முதலில் இந்தச் சேவையை மறுபடி தொடங்கிப் பாருங்கள், சரியாகவில்லையென்றால் இன்னாரை எழுப்புங்கள் என்று எழுதியிருந்தால் அவள் கையில் ஒரு வேலை இருக்கிறது. அப்படி எழுத முடியாத அலர்ட் இரவில் யாரையும் எழுப்பக்கூடாது. அது காலைவரை சேனலில் கிடக்கலாம். சேனலுக்கும் அப்படி ஒரு நல்ல பயன் உண்டு: காலையில் காபியோடு உட்கார்ந்து என்ன நடந்தது என்று எல்லாரும் சேர்ந்து பார்க்க, பேச, பதிவு வைத்துக்கொள்ள. நினைவுக்கான இடம் அது. எழுப்புவதற்கு வேறு வழி வேண்டும்.

வழியே இல்லாத இடங்களும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக்கு அருகே சில மணி நேரத்தில் வலுத்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் பலர் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் எத்தனை சேனலில் எச்சரிக்கை வந்தாலும் கைப்பேசிக் கோபுரத்தின் எல்லைக்கு அப்பால் அது போகாது. அதற்குப் பிறகுதான், 2019இல், செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி சேர்க்கும் ஜெமினி கருவி வந்தது.

2023 அக்டோபரில் ஒரு நாள் தமிழ்நாட்டில் எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியது பலருக்கு நினைவிருக்கும். தொலைத்தொடர்புத் துறையின் சோதனை. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளிலும் ஒலிக்கும். எண் தெரிய வேண்டியதில்லை, குழுவில் சேர வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு எனக்குப் பெரிய நிம்மதி தருகிறது, சிறிது கவலையும் தருகிறது. இதன் பின்னாலுள்ள பொது எச்சரிக்கை நெறிமுறை, 2004இல் முதல் வடிவம் பெற்றது, ஒவ்வொரு எச்சரிக்கையிலும் மூன்றைத் தனித்தனியாகக் கேட்கிறது: எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம். அருமையான பிரிப்பு. மிகக் கடுமையானது நடக்கும் வாய்ப்பு குறைவாக இருக்கலாம். நிச்சயமாக நடக்கப்போவது சாதாரணமானதாக இருக்கலாம். இதை எல்லாம் அனுப்புகிறவர் யோசித்துத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். மிதமான மழைக்கெல்லாம் அலறினால் மக்கள் கைப்பேசியின் அமைப்புகளில் போய் அதை அணைத்துவிடுவார்கள். பிறகு உண்மையான நாளில் அணைத்தது அணைத்தபடியே இருக்கும்.

இனி பதினொன்றாம் எண் கூண்டு. அதற்குப் பத்தைவிடப் பெரிய புயல் என்று பொருளில்லை. புயல் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, வானிலை மோசமாகும் என்று இங்குள்ள அதிகாரி கருதுகிறார் என்று பொருள். செய்தி வரவில்லை என்பதே செய்தி. இதை வகுத்தவர்கள் தந்திக்கம்பி அறும் என்பதை அறிந்திருந்தார்கள், அதுவும் புயலன்றுதான் அறும் என்பதையும். எதுவும் வரவில்லையே, ஆகவே எல்லாம் நலம் என்று துறைமுகம் நினைத்துவிடக்கூடாது என்று தனியாக ஒரு எண்ணையே ஒதுக்கினார்கள். அந்த இடத்தில் முடிவு எடுக்கும் உரிமையை உள்ளூர் ஆளிடம் கொடுத்தார்கள்.

அலர்ட்மேனேஜர் வைத்திருக்கும் நல்ல குழுக்களில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. வாட்ச்டாக் என்ற அலர்ட். அது எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும். வெளியே இன்னொரு இடத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது நின்றால்தான் ஆபத்து. கண்காணிப்பே செத்துவிட்டது என்று அர்த்தம். பல இடங்களில் இது இல்லை. சேனல் இரண்டு நாளாக அமைதியாக இருந்தால் இந்த வாரம் நன்றாகப் போகிறது என்று சந்தோஷப்படுவார்கள். வெப்ஹுக்கின் சாவி காலாவதியாகியிருக்கும். 2015 டிசம்பர் 2 அன்று, 1878 முதல் வந்துகொண்டிருந்த தி இந்து சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியவில்லை. கைப்பேசிகளும் பல பகுதிகளில் ஓய்ந்துவிட்டிருந்தன. அந்தக் காலையில் வாசலில் பேப்பர் இல்லாததே ஊருக்கு ஏற்றப்பட்ட கூண்டுதான். அதைப் படிக்க நமக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

கூகுளின் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட நூலில் அலர்ட் வந்தால் எழுந்து பார்க்க வேண்டிய ஒருவரின் ஆன்-கால் முறை ஒன்றில் இரண்டு சம்பவங்களுக்கு மேல் வரக்கூடாது என்று வரையறுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் எதையும் ஆழமாகப் பார்த்துச் சரிசெய்ய முடியாது என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்த எண்ணைவிட முக்கியமாகப் படுவது, எழுப்பப்பட்டவருக்கு மறுநாள் என்ன அதிகாரம் இருக்கிறது என்பது. பெரும்பாலான நிறுவனங்களில் அலர்ட் விதியை எழுதுகிறவர் பகலில் வேலை செய்கிறவர், அதனால் விழிக்கிறவர் வேறொருவர். விழித்தவர் புகார் சொல்லலாம். அது பட்டியலில் சேரும். விழித்தவரே மறுநாள் காலை, யாரிடமும் கேட்காமல், அந்த விதியை அழிக்கலாம், மாற்றலாம், வேறு முகவரிக்குத் திருப்பலாம் என்று இருந்தால் சில வாரங்களில் சேனலின் குணமே மாறிவிடும். இதைச் செய்துபார்த்த குழுக்களை நான் அறிவேன். ஒழுங்கு கெட்டுவிடும் என்று மேலாளர்கள் பயந்தார்கள். கெடவில்லை. தேவையானது எது என்று விழிக்கிறவருக்குத்தான் மிக நன்றாகத் தெரியும், தேவையானதை அவர் ஒருபோதும் அழிப்பதில்லை.

கடற்கரைக்கும் இதையே கேட்கிறேன். 2007 முதல் ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது சென்னையே ஆடியது, எச்சரிக்கை கரைவரை வந்தது, பெரிய அலை வரவில்லை, எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. 2004உடன் ஒப்பிட்டால் இது மிகப் பெரிய தூரம். ஆனால் பட்டினப்பாக்கத்துக்கு எந்த எச்சரிக்கை, எத்தனை மணி நேரம் முன்னால், யார் பெயருக்கு என்று விதி எழுதும் மேசையில் பட்டினப்பாக்கத்தார் உட்கார வேண்டும். ஒரு ஃபைபர் படகை மேட்டுக்கு இழுக்க எத்தனை ஆள் வேண்டும், எஞ்சினைக் கழற்றி வலையைச் சுருட்ட எவ்வளவு நேரம் ஆகும், சாந்தோம் நெடுஞ்சாலையைக் கடந்து வயதானவர்களைக் கூட்டிப்போக எவ்வளவு ஆகும் என்பது நுங்கம்பாக்கத்திலோ ஹைதராபாதிலோ இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை. டூமிங்குப்பத்தில் பத்து வயதுப் பையனுக்குத் தெரியும். எச்சரிக்கை எவ்வளவு முன்னால் வந்தால் அது எச்சரிக்கை என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், ஆண்டுதோறும், அந்தக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து மறுபடி போட வேண்டும். பெயர்ப்பட்டியலில் இடம் மாறியவர்களை, இறந்தவர்களை, எண் மாற்றியவர்களை எடுத்துவிட்டு, இப்போது அந்தத் தெருவில் இருப்பவர்களின் பெயரைப் போட வேண்டும்.